விவாகம் முறிந்தால் கடன் முறியுமா?



கணவனும் மனைவியும் கூடி வாழ்ந்த காலத்தில் பட்ட கடன், அவர்கள் பிரிந்த பின்னர் யாரைச் சாரும்? இக்கேள்வி நீதிமன்ற வாயிலில் மட்டும் எழுவதன்று. கடைத்தெருவிலும் களத்துமேட்டிலும் எழுவது. தவணைப் பணம் வாங்க வந்தவரைப் பார்த்து, "நாங்கள் பிரிஞ்சிட்டம், அவரிட்டப் போய்க் கேளுங்கோ" என்று ஒரு பெண் சொல்கிறாள். அவரிடம் போனால், "காசு எடுத்தது அவள்தானே" என்று அவர் சொல்கிறார். இருவர் சொல்வதும் அவரவர்க்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் சட்டம் இவ்விரு விடைகளையும் ஏற்பதில்லை. அஃது ஏன் என்பதனையும், பிரிய நேர்ந்தவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழி யாது என்பதனையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இதற்குக் கண்டாவளையை உதாரணமாகக் கொள்வோம். கிளிநொச்சி மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகளுள் கண்டாவளையும் ஒன்று. பரந்தன், முரசுமோட்டை, தருமபுரம், புளியம்பொக்கணை முதலிய ஊர்கள் அதனுள் அடங்கும். நெல்லே இப்பகுதி மக்களின் முதற்பெரும் சீவனோபாயம். நெற்செய்கையோ கடனோடு தொடங்கி அறுவடையோடு கடன் தீர்ப்பதாகிய தொழில். விதைநெல்லும் உரமும் உழவுகூலியும் முதலிலே வேண்டும். பணமோ நான்கு மாதங்கள் கழித்தே கைக்கு வரும். இடையிலே வெள்ளமோ வரட்சியோ வந்துற்றால் கடன் அடுத்த போகத்திற்குத் தாவும்.

இவ்வியல்பான கடனோடு இன்னொன்றும் சேர்ந்தது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றபோது, இப்பகுதி மக்களிற் பெரும்பாலோர் வீடு வாசல், மாடு கன்று, யந்திரம், கையிருப்பு யாவும் இழந்து முகாம்களில் இருந்தனர். மீண்டு வந்து குடியேறியபோது எல்லாவற்றையும் புதிதாகத் தேடவேண்டியதாயிற்று. வங்கிகளும், குத்தகை முறையில் வாகனம் வழங்கும் கம்பனிகளும், பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து நுண்கடன் கொடுக்கும் நிறுவனங்களும் வன்னிக்கு வந்தன. ஒரே குடும்பத்தில் கணவன் பெயரில் ஒரு கடனும், மனைவி பெயரில் இரண்டு கடன்களும், இருவர் பெயரிலும் வேறொன்றும் இருப்பது அரிதன்று. குடும்பம் ஒன்றாக இருக்கும்வரை, "இது யார் கடன்?" என்று எவரும் கேட்பதில்லை. பிரிவு வந்த அன்றே அக்கேள்வி பிறக்கிறது.

முதலிலே அடிப்படையான ஒரு விதியை மனத்திற் கொள்வோம். விவாகரத்து வழக்கு என்பது கணவன், மனைவி என்னும் இருவருக்கு இடையே நடப்பது. கடன் கொடுத்த வங்கி அவ்வழக்கில் ஒரு கட்சிக்காரர் அன்று. வழக்கில் இல்லாத ஒருவரின் உரிமையை, அவரைக் கேளாமல் நீதிமன்றம் பறிப்பதில்லை. ஆகவே, "இன்ன கடனைக் கணவரே இறுத்தல் வேண்டும்" என்று இருவரும் நீதிமன்றத்தில் உடன்பட்டுப் பதிவு செய்தாலும், அந்த உடன்பாடு அவ்விருவரை மட்டுமே கட்டுப்படுத்தும். வங்கி, தன்னிடமுள்ள பத்திரத்தில் யார் கையொப்பம் இருக்கிறதோ அவரிடம் வரும். தீர்ப்பு விவாக பந்தத்தை அறுக்கும், கையொப்பத்தை அறுக்காது. இனி நாம் பார்க்கப் போகிறவை எல்லாம் இந்த விதியிலிருந்தே கிளைப்பவை.

விளக்கத்தின் பொருட்டுக் கண்டாவளையில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். பெயர் வேண்டியதில்லை. கணவன் கமக்காரர், மனைவிக்குச் சீதனமாக வந்த வயற்காணி இரண்டு ஏக்கர். இவர்கள் பிரியும் வேளையில் ஐந்து கடன்கள் நிலுவையில் உள்ளன என்று கொள்வோம்.

முதலாவது, உழவு யந்திரத்துக்கான குத்தகைக் கடன். நம்மவர் 'லீசிங்' என்று வழங்குவது. ஒப்பந்தம் கணவன் பெயரில், மனைவி பிணைகாரர். இங்கு பலரும் மறந்துவிடும் உண்மை ஒன்றுண்டு. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் அமையும் இத்தகைய ஒப்பந்தத்தில், கடைசித் தவணை கட்டி முடியும்வரை யந்திரத்தின் சொந்தக்காரர் கம்பனியே. ஆகையால், "யந்திரம் உனக்கு, வீடு எனக்கு" என்று பிரித்துக்கொள்ளும்போது, தமக்குச் சொந்தமல்லாத ஒரு பொருளையே அவர்கள் பிரிக்கிறார்கள். தவணை தவறினால் கம்பனி யந்திரத்தை மீட்டுக்கொள்ளும். விற்று வந்த தொகை போதாதெனின் குறைந்த தொகையைக் கணவனிடம் மட்டுமன்றிப் பிணைநின்ற மனைவியிடமும் கேட்கும். யந்திரம் அவள் வளவிலே ஒரு நாளும் நிற்கவில்லை என்பது விடையாகாது.

பிணை என்பதனைச் சற்று விரித்துக் கூறுதல் நன்று. நம் நாட்டின் பொதுச்சட்டமாகிய ரோமன் டச்சுச் சட்டம் பிணைகாரருக்கு இரண்டு பாதுகாப்புகளை வழங்கியுள்ளது. "முதலிற் கடனாளியின் சொத்தைத் தேடு, போதாவிடின் என்னிடம் வா" என்று சொல்லும் உரிமை ஒன்று. பிணைகாரர் பலராயின், "என் பங்கை மட்டும் என்னிடம் கேள்" என்று சொல்லும் உரிமை மற்றொன்று. எனினும், வங்கிகளும் கம்பனிகளும் அச்சிட்டு வைத்திருக்கும் பத்திரங்களில், இவ்விரு உரிமைகளையும் தாம் விட்டுக்கொடுப்பதாகப் பிணைகாரர் ஒப்புக்கொள்ளும் வாசகம் பெரும்பாலும் இருக்கும். சிறிய எழுத்தில் இருப்பதால் நாம் வாசிப்பதில்லை. அதில் ஒப்பமிட்டவர், கடன் வாங்கியவருக்குச் சமமாகவே முழுத்தொகைக்கும் பொறுப்பாளி ஆகிறார்.

இரண்டாவது கடன், மனைவி பெண்கள் குழுவில் எடுத்த நுண்கடன். எடுத்தவள் அவள், பணத்தைச் செலவிட்டவன் கணவன். பிரிந்த பின்னர் அவள் சொல்லும் நியாயம் உலகத்தார் மனத்தைத் தொடும். ஆனாற் சட்டம் கேட்பது வேறு. கடன் கொடுத்தவருக்கும் ஒப்பமிட்டவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தில், பணம் பின்னர் யார் கைக்குப் போயிற்று என்பது பொருளன்று. அவளே கடனாளி. அவள் தவறினால், குழுவிலே அவளுக்குப் பிணைநின்ற அயற்பெண்களின் தலையில் அச்சுமை விழும். ஒரு குடும்பத்தின் பிளவு நான்கு குடும்பங்களின் பகையாக மாறுவது இவ்விடத்திலேதான். கணவன் அப்பணத்தைப் பெற்றான் என்பதற்குச் சான்று இருப்பின், அவள் அவன்மீது தனியே வழக்கிடலாம். கம்பனியிடம் அதனைச் சொல்லித் தப்ப இயலாது.

மூன்றாவது, மனைவியின் சீதனக் காணியை ஈடுவைத்து வங்கியிற் பெற்ற பயிர்ச்செய்கைக் கடன். ஈட்டுக் கடன் ஆளோடு மட்டுமன்றி நிலத்தோடும் ஒட்டியது. காணி யாருடைய பங்கிற்குப் போனாலும், ஈடு அதனோடேயே போகும். ஆகவே ஈடுவைத்த காணியைப் பிரித்துக்கொள்பவர், அதன் முழுப்பெறுமதியைக் கணக்கிடலாகாது. கடனைக் கழித்து எஞ்சியதையே தம் பங்கெனக் கொள்ளவேண்டும்.

நான்காவது, அடைவுவைத்த நகை. கணவன் பெயரில் அடைவுச் சீட்டு. நகையோ மனைவியின் தாய்வீட்டார் போட்டது. சீட்டு வைத்திருப்பவரையே வங்கி அறியும். மீட்கும் தவணை தவறினால் நகை ஏலத்திற்குப் போகும். நகை தன்னுடையதென்று நிலைநாட்ட விரும்பும் மனைவி, சீதன உறுதி, நகைக்கடைப் பற்றுச்சீட்டு, கலியாணப் படம் முதலிய சான்றுகளைத் தேடி வைத்தல் வேண்டும். அதனினும் முக்கியமானது, பிரிவுப் பேச்சு நடக்கும்போதே நகையை மீட்பது யார், எந்நாளுக்குள் என்பதனை எழுத்தில் வைத்தலாகும்.

ஐந்தாவது, கடைக் கணக்கு. அரிசி, சீனி, பிள்ளைகளின் கொப்பி, மருந்து என்று கொப்பியில் எழுதி வாங்கியவை. கூடி வாழும் குடும்பத்தின் அத்தியாவசியப் பொருள்களுக்கு மனைவி கடன் சொல்லி வாங்கினால், அது கணவனையும் பிணிக்கும் என்பது ரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கொள்கை. ஆனால் அது கூட்டுக் குடித்தனம் நிலவும் காலத்திற்கே உரியது. பிரிந்தவர் கடைக்காரருக்குத் தெளிவாக அறிவித்துப் பழைய கணக்கை முடித்துப் புதிய கணக்குத் தொடங்குவதே இருவர்க்கும் நல்லது.

இவ்வளவும் கடன் கொடுத்தவரின் பக்கம். இனிச் சொத்தின் பக்கம் வருவோம். வடமாகாணத் தமிழர்களிற் பெரும்பாலோரின் சொத்துரிமையை ஆள்வது தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் இவ்வழக்கங்களைத் திரட்டி எழுதினார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டனர். 1707 இல் அது சட்டத் தொகுப்பாக ஏற்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனை உறுதிப்படுத்தினர். பின்னர் 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும், அதனைத் திருத்திய 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டமும் வந்தன.

தேசவழமை குடும்பச் சொத்தை வகைப்படுத்திப் பார்க்கிறது. பெற்றோர் வழி வந்தது முதுசம். பெண்ணுக்கு விவாகத்தின்போது கொடுத்தது சீதனம். விவாகம் நிலவும் காலத்தில் உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். 1947 இன் திருத்தத்தின்படி, ஒருவர் தமது தனிச்சொத்தின் பகுதியாகாத பெறுமதியைக் கொடுத்து விவாக காலத்தில் வாங்கியதும், தனிச்சொத்திலிருந்து அக்காலத்தில் வந்த இலாபமுமே தேடியதேட்டம் ஆகும். சீதனக் காணி தேடியதேட்டம் அன்று. அக்காணியில் விளைந்த நெல்லின் இலாபம் தேடியதேட்டம்.

கடனைப் பொறுத்தமட்டில் 1911 இன் சட்டத்தின் ஆறாம் பிரிவு மிக முக்கியமானது. மனைவியின் தனிச்சொத்து, கணவனின் கடனுக்குப் பொறுப்பாகாது என்று அது விதிக்கிறது. கணவன் சூதாடிப் பட்ட கடனுக்காகவோ, வியாபாரத்தில் நட்டப்பட்ட கடனுக்காகவோ அவளுடைய சீதனக் காணியைக் கைப்பற்ற முடியாது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. அந்தச் சொத்தின் பயிர்ச்செய்கை, பராமரிப்பு, திருத்தவேலை, நிருவாகம், மேம்பாடு ஆகியவற்றின் பொருட்டோ, அதன்மீதான வரியின் பொருட்டோ பட்ட கடனாயின், அச்சொத்துப் பொறுப்பாகும்.

இவ்விலக்கு கண்டாவளை போன்ற கமத்தொழிற் பிரதேசத்தில் எத்துணைப் பெரியது என்று எண்ணிப் பாருங்கள். நாம் கற்பனை செய்த குடும்பத்தில், கணவன் மனைவியின் இரண்டு ஏக்கரை விதைக்கத் தன் பெயரில் உரம் கடனாக வாங்கினான் என்று கொள்வோம். பத்திரத்தில் அவள் ஒப்பமில்லை. காணியை ஈடுவைக்கவும் இல்லை. ஆயினும் அக்கடன் அவள் காணியின் பயிர்ச்செய்கைக்காகப் பட்டது. ஆகையால் காணி தப்புமென்று சொல்வதற்கில்லை. அதே கணவன் அதே கடையில் வேறொருவரின் குத்தகை வயலுக்காக உரம் வாங்கியிருந்தால் நிலைமை வேறாகும். எந்த வயலுக்கு எந்தக் கடன் என்று எழுதிவைக்கும் பழக்கம் நம்மிடையே குறைவு. பிரிவு வந்தபின் அந்தக் கணக்கைத் தேட முற்படுவோர், மழை பெய்து ஓய்ந்தபின் வரம்பு கட்டுவோரை ஒப்பர்.

இதே சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தனது அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ வேண்டுமாயின் கணவனின் எழுத்துமூல இசைவு தேவை. கடனைத் தீர்க்கச் சீதனக் காணியில் ஒரு பகுதியை விற்க விரும்பும் பெண், தன்னை விட்டுச் சென்ற கணவனின் ஒப்பத்திற்காகத் தவிப்பதுண்டு. அத்தகையோர் மனம் தளர வேண்டியதில்லை. கணவன் கைவிட்டுச் சென்றவிடத்தும், இருக்குமிடம் தெரியாதவிடத்தும், இருவரும் உடன்பட்டுப் பிரிந்து வாழுமிடத்தும், நியாயமின்றி இசைவு மறுக்கப்படுமிடத்தும், மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, அவ்விசைவின்றியே சொத்தைக் கையாள அதிகாரம் பெறலாம். எட்டாம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது.

இன்னொரு நுட்பமும் இவ்விடத்திற் கூறவேண்டும். கண்டாவளையில் வாழும் தமிழர் எல்லாரும் தேசவழமைக்கு உட்பட்டவர் அல்லர். 1977 ஆம் ஆண்டின் வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல கிளிநொச்சி மாவட்டத்திற் குடியேறின. தேசவழமை யாழ்ப்பாண மாகாணத்து நிரந்தர வாசிகளான தமிழருக்கு உரியது. ஆகவே அது ஒருவரை ஆளுமா என்பது, அவர்தம் குடும்பம் எங்கே நிரந்தர வாசம் கொண்டது என்பதனைப் பொறுத்தது. தேசவழமைக்கு உட்படாத பெண், உட்பட்ட ஆணை மணந்தால் விவாகம் நிலவும்வரை தேசவழமை அவளை ஆளும். உட்பட்ட பெண், உட்படாத ஆணை மணந்தால் விவாகம் நிலவும்வரை அது அவளை ஆளாது. ஆகையால் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த இரு வீடுகளில் இருவேறு சட்டங்கள் நிலவக்கூடும். அயல்வீட்டாரின் வழக்கில் நடந்ததை வைத்துத் தம் வழக்கை மதிப்பிடுதல் பிழை.

தேசவழமைக்கு உட்படாதார்க்குப் பொதுச்சட்டம் பொருந்தும். ஒல்லாந்தர் கொண்டுவந்த சட்டத்தில் கணவன் மனைவி இருவரின் சொத்தும் கடனும் ஒரே குவியலாகும் முறை இருந்தது. இலங்கையில் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொதுச்சட்டத்திற்கு உட்பட்டோரிடையே அம்முறையை நீக்கிற்று. 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம், பெண் தன் சொத்தைத் தானே ஆளவும் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவும் வழி திறந்தது. வியப்பு யாதெனில், அம்முறையின் தாயகமாகிய ஒல்லாந்து தேசமே 2018 ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி வரை அதனைப் பொது விதியாக வைத்திருந்ததாகும். அதன் பின்னர் நடைபெறும் விவாகங்களிலேயே, விவாகத்திற்கு முன் பட்ட கடன் பொதுவாக அவரவர்க்கே உரியதாயிற்று.

காணியைப் பற்றி மேலும் ஒரு சொல். வன்னியிற் பல குடும்பங்கள் இருப்பது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய காணிகளில். இவற்றை உறுதிக் காணிபோல் விரும்பியவாறு விற்கவோ ஈடுவைக்கவோ துண்டாடவோ இயலாது. "கடனை நீ கட்டு, காணியை நான் தருகிறேன்" என்று இத்தகைய காணியை வைத்துப் பேசுவோர், முதலிற் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியிலே விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும்.

இனிக் காலத்தைப் பற்றிச் சொல்வேன். ஊரிலே "பிரிந்துவிட்டார்கள்" என்று சொல்லப்படுவோரிற் பலர் நீதிமன்றப் படியே ஏறாதவர். ஒருவர் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ இருப்பார். மற்றவர் தாய்வீட்டில் இருப்பார். பத்தாண்டுகள் பேசாதிருந்தாலும் அவ்விவாகம் சட்டத்தின்முன் நிலவுகிறது. 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்று காரணங்களையே கூறுகிறது: விவாகத்தின் பின்னரான பிறர்மனை நாட்டம், வஞ்சகமாகக் கைவிட்டுச் செல்லல், விவாக காலத்திலிருந்த தீராத ஆண்மையின்மை போன்ற குறைபாடு. இவற்றுள் ஒன்று நிறுவப்பட்டு, மாவட்ட நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தீர்ப்பு வழங்கும். குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது முடிவான தீர்ப்பாகும். அம்மூன்று மாதங்களிலும் விவாகம் நிலவுகிறது. "தீர்ப்புக் கிடைத்துவிட்டது" என்று எண்ணி அவ்விடைக் காலத்திற் காணி வாங்குவோரும் கடன் படுவோரும் இதனை நினைவிற் கொள்க.

கடனுக்கும் காலவரை உண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஈட்டு உறுதி மீதான கடனுக்குப் பத்து ஆண்டுகளும், வாக்குறுதிச் சீட்டு முதலிய எழுத்து ஒப்பந்தங்களுக்கு ஆறு ஆண்டுகளும், கடையில் வாங்கிய பொருளின் விலைக்கு ஓர் ஆண்டும் என வழக்கிடும் காலம் வரையறுக்கப்பட்டுள்ளது. ஆயினும் சிறு தொகையைக் கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ அக்காலம் புதிதாகத் தொடங்கும். கடன் அறவிட வருவோர் கொணரும் புதிய பத்திரத்தில், பிரிவின் துயரத்தில் இருக்கும் ஒருவர் வாசியாமல் ஒப்பமிடுவது இதனாலேயே ஆபத்தானது.

நீதிமன்றம் இவ்விடயத்தில் ஒன்றுமே செய்ய இயலாததா எனின், அன்று. குடியியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 615 ஆம் பிரிவின்படி, விவாகரத்துத் தீர்ப்பு வழங்கும்போது, ஒருவர் தமது சொத்தின் ஒரு பகுதியை மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக்கொடுக்கவும், ஒரு தொகையை மொத்தமாகவோ மாதந்தோறுமோ கொடுக்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். அத்தொகையைத் தீர்மானிக்கும்போது, எவர் எவ்வளவு கடனைச் சுமக்கிறார் என்பதனை நீதிமன்றத்தின் முன் வைப்பது நம் கடமை. பட்டியல் வைக்காதவருக்கு அதன் பயன் கிடையாது.

கடனை ஒருவரே இறுத்துவிட்டால் மற்றவரிடம் திருப்பிக் கேட்கும் உரிமையும் உண்டு. இதிலும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. யந்திரக் கடனில் நிலுவை ஆறு இலட்சம் ரூபா என்க. மனைவி பிணைகாரராக நின்று அதனைக் கட்டினால், முதற் கடனாளியாகிய கணவனிடம் ஆறு இலட்சத்தையும் அவள் கோரலாம். இருவரும் சேர்ந்து கடனாளிகளாக ஒப்பமிட்டிருந்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அவன் பங்காகிய மூன்று இலட்சத்தையே கோரலாம். ஆயினும் கொடுக்க ஒன்றுமில்லாதவன்மீது பெற்ற தீர்ப்பு, நீரில்லாக் குளத்துக்குப் போட்ட மதகு. ஆகையாற் பின்னர் வழக்காடுவதினும் முன்னர்த் தடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

தடுத்துக்கொள்ளும் வழிகளைச் சுருங்கச் சொல்வேன்.

பிரிவு உறுதியென்று கண்டவுடன், இருவர் பெயரிலுமுள்ள கடன்கள் அனைத்தையும் எழுதுக. யார் ஒப்பம், யார் பிணை, எது ஈடு, எந்த நோக்கம், எவ்வளவு நிலுவை என்னும் ஐந்தும் ஒவ்வொன்றுக்கும் வேண்டும். நிறுவனங்களிடம் பெற்ற கடன்களும் பிணைகளும் நினைவில் இல்லாவிடின், 1990 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்திடம் தம் பெயருக்குரிய அறிக்கையைக் கேட்டுப் பெறலாம்.

அடுத்து, பணம் இருக்குமிடத்து, கூட்டுக் கடனைத் தீர்ப்புக்கு முன்னரே தீர்த்துவிடுக. நெல் விற்ற பணத்தை முதலிற் பங்கிட்டுக் கடனைப் பின்னர் பார்ப்போம் என்பது, இருவருள் மெலியவரையே ஈற்றில் வருத்தும்.

தீர்க்க இயலாதெனின், கடன் கொடுத்தவரை அணுகிப் பழைய ஒப்பந்தத்தை நீக்கி, ஒருவர் பெயரில் மட்டும் புதிய ஒப்பந்தம் எழுதும்படி கேட்க வேண்டும். கடன் கொடுத்தவர் இணங்கி எழுத்தில் விடுவித்தாலன்றி, மற்றவரின் ஒப்பம் உயிரோடிருக்கும். "அவர் பார்த்துக்கொள்ளுவார்" என்னும் வாய்ச்சொல் விடுதலையாகாது.

கூட்டு வங்கிக் கணக்கையும், வெற்றுக் காசோலைகளையும் உடனே கவனிக்க வேண்டும். தம் கணக்கின் காசோலையில் ஒப்பமிட்டு மற்றவரிடம் கொடுத்து வைத்திருப்போர் அதனைத் திரும்பப் பெறுக. கணக்கிற் பணமில்லையென்று தெரிந்தும் காசோலை கொடுத்தல், 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ்க் குற்றமும் ஆகும்.

சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றோர், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் உதவியை நாடலாம். அங்கே செல்லும்போது கடன் பத்திரங்களின் பிரதிகளையும், சீதன உறுதியையும், விவாகப் பதிவுப் பிரதியையும் கையோடு கொண்டு செல்க.

நுண்கடனைப் பற்றி ஈற்றில் ஒன்று. பெண்களின் தலையிலே ஏறிய இக்கடன்களின் பாரம் அரசின் செவிக்கும் எட்டியது. 2018 ஆம் ஆண்டில், வரட்சியாற் பாதிக்கப்பட்ட பன்னிரண்டு மாவட்டங்களில், குறித்த நிபந்தனைகளுக்கு அமைந்த, ஒரு இலட்சம் ரூபாவிற்கு மேற்படாத பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. கிளிநொச்சியும் அவற்றுள் ஒன்று. அது ஒரு காலத்து நிவாரணம். அடுத்த கடனுக்கும் அது வருமென்று நம்பி ஒப்பமிடுதல் தகாது.

நேயர்களே, கடனைப் பற்றிப் பேசுவது குடும்ப ஒற்றுமைக்கு அபசகுனம் என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். கூடி வாழும் நாளிலே, எந்தக் கடன் எதற்காக, யார் ஒப்பத்தில் என்று கணவனும் மனைவியும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், ஒற்றுமை குலைவதில்லை. ஒருவர் அறியாமல் மற்றவர் படும் கடன் குறையும். அவர்கள் கடைசிவரை கூடி வாழ்ந்தால் அது வரவு செலவுக் கணக்கு. ஒருவர் இறந்துபட்டால் பிள்ளைகளுக்கு வழிகாட்டி. பிரிய நேர்ந்தால், இரண்டு ஏக்கர் வயல் ஏலத்திற்குப் போகாமற் காக்கும் சான்று. இவ்வாண்டுக் காலபோகத்திற்கு விதைநெல் கடனாக வாங்கும் அன்றே அக்கொப்பியைத் தொடங்கலாம்.